கண்டினியூட்டிக்காரர்

என் வீட்டுக்காரர் சினிமா நடிகர். இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர்களுக்கு முகம் மலரும். எந்தப் படம் என்று கேட்பார்கள். படத்தின் பெயரைச் சொல்வேன். "அட, அதைப் பாத்தமுங்களே! அதுல எங்கீங்க வருவாரு?" என்பார்கள். பஞ்சாயத்து நடக்கும்போது ஊர்ப் பெரியவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான் என்பேன். "ஓ, அவருங்களா" என்பார்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பிறகு வெயிலைப் பற்றிப் பேசுவோம்.

அறுபதைத் தொட்ட பிறகு நடிக்கப் போன மனிதர் அவர். அதற்கு முன்னால் சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். காலையில் லேத்தில் கடைசலாகி வரும் முதல் பாகமும் சாயங்காலம் வரும் கடைசிப் பாகமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவார். வீட்டில் இட்லியைக்கூட அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் அப்போது தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தேன். மனிதர் வீட்டில் இருந்தால் காய்கறியாவது வாங்கி வைப்பார், கேஸ் சிலிண்டர் வந்தால் கதவையாவது திறப்பார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஈரோட்டில் என் தம்பிக்கு மஞ்சள் மண்டி இருக்கிறது. அவனுடைய கோடவுனை ஒரு படக் கம்பெனி ஷூட்டிங்குக்கு எடுத்தது. வேடிக்கை பார்க்கலாம் என்று குடும்பத்தோடு போனோம். அங்கே ஒரு மண்டிக்காரராக நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. யாரோ ஒரு உதவி டைரக்டர் எங்கள் பக்கம் திரும்பி, வெள்ளை வேட்டியும் நரைத்த மீசையுமாக இருந்த இவரைப் பார்த்து, "ஐயா, சும்மா டீ குடிச்சிட்டு நின்னாப் போதும், நிப்பீங்களா?" என்று கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் "போயி நில்லுங்க" என்றேன். என் வாய்தான், வேறு யாரைச் சொல்ல.

கதாநாயகனுக்கு அன்றைக்கு வசனம் வாயில் நுழையவே இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மஞ்சள் தூசியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இவர் ஒவ்வொரு தடவையும் டம்ளரை அதே கையில் பிடித்தார், அதே உயரத்துக்குத் தூக்கினார், கதாநாயகன் அதே சொல்லுக்கு வரும்போது அதே மாதிரி ஒரு வாய் குடித்தார். உதவி டைரக்டர் பெண் ஒருத்தி இதைக் கவனித்துவிட்டாள். மாலையில் வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். "ஐயா கண்டினியூட்டி சூப்பருங்க" என்றாள். ஒரே காட்சியைப் பல கோணத்தில் பல தடவை எடுப்பார்களாம். ஒரு தடவை வலது கையில் இருந்த டம்ளர் அடுத்த தடவை இடது கையில் இருந்தால், ஒட்டிப் பார்க்கும்போது டம்ளர் கைக்குக் கை தாவுமாம். அப்படித் தாவாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் கண்டினியூட்டி. பம்பு கம்பெனியில் ஆயுசு முழுக்க அதைத்தான் செய்தார், அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமல்.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். விடியும் முன்னே போன் வரும். "ஐயா, வெள்ளை வேட்டி, சட்டை, தோள்ல போட ஒரு துண்டு எடுத்துட்டு வந்துருங்க." பொள்ளாச்சியா, கோபியா, மேட்டுப்பாளையமா, எங்கே என்று கேட்க மாட்டார், வேனில் ஏறிவிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர், கதாநாயகியின் பெரியப்பா, தலையை மட்டும் ஆட்டும் நீதிபதி, பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குபவர் என்று என்னென்னவோ வேஷம். வசனம் மட்டும் கிடையாது. படம் போனில் வந்ததும் நிறுத்தி நிறுத்தித் தேடுவோம். "அதா, அந்தத் தோள்பட்டை என்னுதுதான்" என்பார். பெருமை தாங்காது அவருக்கு.

இதோடு நின்றிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? கண்டினியூட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது.

சாப்பிடும்போது நான் டம்ளரை நகர்த்தி வைத்தால், "முன்ன இந்தப் பக்கம்தான இருந்துச்சு" என்று எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். பக்கத்து வீட்டு அம்மா வந்து மாமியாரைப் பற்றிக் கண் கலங்கிக்கொண்டிருப்பாள். இவர் நடுவில், "நேத்து சொல்றப்போ அவங்க கதவுகிட்ட நின்னாங்கன்னு சொன்னீங்களே" என்பார். எங்கள் சொந்தத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். துக்க வீட்டில் புதிதாக ஆட்கள் வர வர, கடைசி நேரம் எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல்வார்கள் அல்லவா? இறந்தவரின் மகன் பாவம், நெஞ்சில் கை வைத்து, "இப்படிப் புடிச்சாருங்க, அப்படியே சாஞ்சுட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவர் என் காதில், "முன்ன வந்தவங்ககிட்டச் சொன்னப்போ வலது கையைத்தான வெச்சான்" என்றார். நான் அவர் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

எரிச்சல் என்று நான் சொல்வது இதை மட்டுமில்லை. இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது. எனக்கு மூட்டுவலி. ஒருநாள் மாடிப்படி ஏற முடியாமல் நின்றேன். இவர் வந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதே சாய்ப்பை, அதே புருவத்தை, ஒரு படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சியில் பார்த்திருக்கிறேன். அங்கே யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து அப்படி நின்றார். வீட்டிலிருந்து அங்கே எடுத்துக்கொண்டு போனாரா, அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாரா? இத்தனை வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவளுக்கு இந்தச் சந்தேகம் வரலாமா? வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சிரித்தாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, எந்தப் படத்தில் பார்த்தோம் என்றுதான் மனசு தேடும்.

இந்தச் சமயத்தில்தான் அவருக்கு வசனம் கிடைத்தது. வீட்டை விட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு லாரிக்காரர் வேஷம். ஒரே ஒரு வசனம். "அவன் வந்தான்னா, சோறு இருக்குதுன்னு சொல்லுங்க." அவ்வளவுதான். அதைச் சொல்லிப் பார்க்காத இடம் இல்லை. குக்கரிடம் சொன்னார், தண்ணீர்த் தொட்டியிடம் சொன்னார், என்னிடம் சொன்னார். "எவன் வந்தா? என்ன சோறு? எல்லாம் காலி" என்று நான் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். அதற்கும் அசரவில்லை.

அந்த வேஷத்துக்குத் தாடி வேண்டும் என்றார்கள். வளர்த்தார். பாதிக் காட்சி எடுத்தார்கள். வசனக் காட்சி அடுத்த ஷெட்யூலில் என்றார்கள். "ஐயா, அதுவரைக்கும் தாடி மேல கத்தி படக் கூடாதுங்க" என்று டைரக்டர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். அடுத்த மாதம் என்றது அதற்கடுத்த மாதமானது. கதாநாயகன் வேறு படத்துக்குப் போய்விட்டார். மழை என்றார்கள். அப்புறம் மழை இல்லை என்றார்கள், கதைக்கு மழை வேண்டுமாம். தாடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. இவர் ஒரு சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, போனில் இருக்கும் பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன் இவர் நிற்கும் நேரத்துக்கு நான் ஆபீஸ் போய் வந்துவிடலாம்.

அப்போது எங்கள் மகளுக்கு இடம் அமைந்தது. பெருந்துறைக்காரர்கள். அங்கே தொழிற்பேட்டையில் சொந்தமாகச் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறார்கள். நல்ல மனிதர்கள். நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. படக் கம்பெனியும் ஷெட்யூலை முடிவு செய்தது, மாசியில்.

"தாடியை எடுத்துப்போடுங்க" என்றேன்.

"எப்படிப் புள்ள எடுக்கறது? பாதிப் படத்துல தாடியோட இருக்கறேன்."

"பொண்ணைப் பெத்தவன் தாடியோட மணவறைக்கு வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"ஒட்டுத்தாடி வெச்சாக் காட்டிக் குடுத்துருமாம். டைரக்டர் சொன்னாரு."

நான் டைரக்டரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. மகளிடம் முறையிட்டேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுங்கம்மா, தாடியிலயும் அப்பா அழகாத்தான் இருக்காரு" என்றாள். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் எனக்கு எப்போதுமே இடம் கிடைத்ததில்லை.

ஒருநாள் சம்பந்தியம்மா போன் செய்தார். அதையும் இதையும் பேசிவிட்டு, "ஏனுங்க, அண்ணன் தாடி விட்டிருக்கறாங்களே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். சினிமாவுக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஆமாங்க, பழனிக்குங்க" என்றேன். "ரொம்ப நல்லதுங்க. எப்பன்னு சொல்லுங்க, நாங்களும் கூடவே வாரமுங்க, வண்டி எடுத்துக்கலாம்" என்றார். ஒரு தாடிக்காக முருகனையும் இழுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்குக் கிளம்பும்போது அவரை நிறுத்தினேன். "தாடி இருந்துட்டுப் போகுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு அப்பனா மட்டும் இருங்க. நடிகர் வேண்டாம்."

"நான் எப்பப் புள்ள அப்பனா இல்லாமப் போனேன்?" என்றார். புருவம் சுருங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இருந்த பயம் இதுதான். மகள் வண்டி ஏறும்போது இந்த மனிதர் அழுவார். அந்த அழுகை எந்தப் படத்திலிருந்து வந்தது என்று நான் தேடிக்கொண்டு நிற்பேன். அப்படி நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன், வேறொன்றுமில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தை நடத்தி வைப்பவரை அருமைக்காரர் என்போம். குடும்பம் குட்டியோடு நிறைவாக வாழ்ந்த, சொந்தத்திலேயே மூத்த மனிதர். அவர் சொல்வதுதான் சட்டம். மந்திரத்தைவிட அதட்டல் அதிகமாக இருக்கும். தாரை வார்க்கும் நேரம் வந்தது. இவர் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும், நான் செம்பிலிருந்து நீர் வார்க்க வேண்டும். வைக்கப் போகிற நேரத்தில் வீடியோக்காரத் தம்பி, "ஐயா, அப்படியே நில்லுங்க, ஃபோகஸ் போயிருச்சு" என்றான்.

நின்றுவிட்டார். வேறு அப்பனாக இருந்தால் காதில் விழுந்திருக்காது. இவர் மகளின் கையை அந்தரத்தில் பிடித்தபடி சிலையாக நின்றார். என் செம்பிலிருந்து தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. "நிறுத்து புள்ள, தண்ணி முதல்ல இருந்து வரோணும்" என்று என்னிடம் வேறு சொன்னார், உதடு அசையாமல்.

அருமைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, பொண்ணைக் குடுக்கறீங்களா, இல்லீங்களா?" என்று இவரைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். மண்டபமே சிரித்தது. இவர் அவசரமாக வைத்தார். எனக்கு அந்தச் செம்பை எங்கே போடலாம் என்று இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்கு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு, போட்டோ எடுக்க வந்தவர்களை, "நீங்க முன்ன இந்தப் பக்கமில்லீங்க நின்னீங்க" என்று இடம் மாற்றிக்கொண்டிருந்தார். யாரோ, "வேண்டுதல் சீக்கிரம் நிறைவேறட்டுமுங்க" என்று அவர் தாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றியாகத் தலையாட்டினார், நீதிபதி வேஷத்தில் ஆட்டிய அதே ஆட்டல்.

மதியம் தாண்டி, பெண்ணை அனுப்பும் நேரம். பெருந்துறை என்ன சீமைக்கு அப்பாலா இருக்கிறது? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் மண்டப வாசலில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவரிடம் போனாள். போனவள் அவர் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடியும் திறந்தார். "எப்ப வந்தாலும்... சோறு இருக்குது, கண்ணு" என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் இரண்டாக உடைந்து, தாடியெல்லாம் நனைய அழுதார். இன்னொரு கை மெல்ல எழுந்து அவள் தலையில் உட்கார்ந்தது.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. மாதக்கணக்காகக் குக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்த வசனம்! பெற்ற மகளை அனுப்பும்போது சொல்லவும் அவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை இல்லையா? பக்கத்தில் நின்ற என் தம்பி, "மச்சான் பிச்சு உதறிட்டாரு" என்று கையைத் தட்டினான். இன்னும் சிலர் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாகூடச் சிரித்தார். நான் அழவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை எங்கே வரும்.

மகள் வண்டியில் ஏறிவிட்டாள். அப்போது வீடியோக்காரத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு ஓடி வந்தான். மாப்பிள்ளையின் அத்தை குறுக்கே நின்றுவிட்டாராம். "ஐயா, மறைச்சுப்போட்டாங்க. ஒண்ணுமே விழலீங்க. உங்களுக்கு நான் சொல்லோணுங்களா, அதே மாதிரி ஒரே ஒரு டேக்குங்க."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மகள் இறங்கி வந்துவிட்டாள். மூக்கு சிவந்து, பாதி அழுகை பாதிச் சிரிப்பாக அப்பா முன்னால் நின்றாள். வீடியோக்காரன் அத்தையைத் தள்ளி நிற்கச் சொன்னான். எல்லோரும் வட்டமாக விலகிப் போனைத் தூக்கிக்கொண்டார்கள். இனி அவர் செய்யப் போவது எனக்குத் தெரியும். அதே இடம், அதே வார்த்தை, அதே இடத்தில் உடையும் குரல். கோடவுனில் டம்ளரைத் தூக்கிய மாதிரி, தூக்கிய உயரம் மாறாமல் செய்வார். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் வலது கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார். கீழே இறக்கினார். இடது கையைத் தூக்கினார். அதையும் இறக்கினார். இரண்டு கைகளையும் விரித்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, நான் எந்தக் கையை வெச்சேன்?"

இடது கை. நல்ல காரியத்தில் யாரும் நீட்டாத கை. வலது கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டு விடவே இல்லையே. எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் கவனிக்கலீங்க" என்றேன். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க, நேரமாகுது."